ஒரு வருஷ வாரண்டி

சமாதானபுரத்தில் கிருபைராஜைக் கேட்காமல் யாரும் ஒரு இஸ்திரிப் பெட்டிகூட வாங்கமாட்டார்கள். ஆயுள் காப்பீட்டு ஆபீசில் அவர் சூப்பரின்டென்டென்ட். பகலில் மனுஷருடைய ஆயுளுக்குக் கணக்குப் போடுவார். சாயங்காலம் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாமான்களுடைய ஆயுளுக்குக் கணக்குப் போடுவார். ஸ்கூட்டர் எந்தக் கலரில் எடுக்கலாம், பிரிட்ஜ் எந்தக் கம்பெனி, டி.வி.க்கு ஷட்டர் வேண்டுமா வேண்டாமா, எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே அளவுகோல்தான். வாங்கும்போதே விற்கிறதை நினைக்க வேண்டும்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அந்த மாதிரிச் சாமானாப் பாத்து எடும்வே" என்பார்.

சொல்வதோடு நிற்கிற ஆளில்லை. பதிந்து காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டரை ஆறு வருஷம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்கு மேலேயே விற்றவர். சீட்டில் சுற்றி வந்த பாலிதீன் உறையைக் கழற்றாமலே ஓட்டினார். வெயில் காலத்தில் பின்னால் உட்கார்ந்த அவர் மனைவி, ஸ்கூல் டீச்சர் சாரம்மாளுக்குத் தொடை பொசுங்கும். "கிருபைராஜ் சார் திருப்பி விக்காம வச்சிருக்கது டீச்சர ஒண்ணத்தான்" என்று தெருவில் கேலி பேசுவார்கள். சாரம்மாளும் விட்டுக்கொடுக்கமாட்டாள். "எடுக்க ஆள் வரல. வந்திருந்தா அதையும் தள்ளிவிட்டிருப்பாவ" என்பாள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு முதலில் நாக்குதான் குழறியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும்போது வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "சார் நேத்து கொஞ்சம் கூடப் போட்டுட்டாவளோ" என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் முணுமுணுத்தது சாரம்மாள் காதில் விழுந்தது. வாழ்நாளில் இருமல் மருந்தைத் தவிர வேறெதையும் குடிக்காத மனுஷன். அந்த அம்மாளோடு சாரம்மாள் அதன்பிறகு பேசவேயில்லை. ஊர் வாய்க்கு உலைமூடி கிடையாது என்று தெரிந்தாலும் மனசு ஆறவில்லை.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய் என்றார்கள். பேச்சு போகும், கை போகும், விழுங்குவது கஷ்டமாகும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். எவ்வளவு காலம் என்று கிருபைராஜ்தான் கேட்டார். ஆபீசில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விதானே. "ரெண்டு வருஷம். சில பேர் மூணும் தாண்டியிருக்காங்க" என்றார் டாக்டர். ரயிலில் திரும்பி வரும்போது டாக்டர் சொன்னதில் அவர் முதல் பாதியை வைத்துக்கொண்டிருந்தார், சாரம்மாள் இரண்டாவது பாதியை வைத்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டு பிறந்தபோது அவர் பேச்சு சாரம்மாளுக்கு மட்டும்தான் புரிந்தது. வந்தவர்களிடம் அவர் குழறுவார், அவள் எடுத்துச் சொல்லுவாள். பேனா கையில் நிற்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன் கிங்ஸ்லி அதைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அப்பாவுக்கு ஒத்த விரல் அசையுதுல்லா? ஒரு லேப்டாப் எடுத்துருவோம். மடியில வச்சு பைய தட்டுனாப் போதும். தமிழ் டைப்ரைட்டர்ல உள்ள மாதிரியே எழுத்து வாரதுக்கு நான் ஏற்பாடு பண்ணித் தாரேன். அப்பாவுக்குத்தான் டைப்பிங் நல்லாத் தெரியுமே."

"ஏலே, உங்கப்பா ஒத்துக்கிட மாட்டாவ. அம்புட்டுக் காசப் போட்டு எதுக்குன்னு கேப்பாவ."

போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார். திருப்பி விற்றால் என்ன கிடைக்கும்?

சாரம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பழைய மனுஷன் உள்ளே அப்படியே இருக்கிறார். சாமானைப் பற்றிப் பேச்செடுத்ததும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. இந்த நோய் வந்தபிறகு அவர் எதிலும் இவ்வளவு ஆசை காட்டியதில்லை. இதற்காகவாவது வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்கே வந்தான். சின்ன வயசு, நெற்றியில் மெல்லிய திருமண் கோடு, தோல்பையில் கம்பெனிக் காகிதங்கள். ஒவ்வொன்றாக விரித்து வைத்துக் காட்டினான். கிருபைராஜ் சாய்வு நாற்காலியில் இருந்தபடி விரலை நீட்டி நீட்டிக் கேட்டார். சாரம்மாள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் குரலாக இருந்தாள்.

"மேஜை மேல வைக்கிற கம்ப்யூட்டர்னா இதுல பாதி விலைக்கு முடிச்சுரலாம் சார்" என்றான் அவன்.

"கடையை விட்டு வெளிய வந்த உடனே அதுல பாதி வில போயிருமாம். தெருவுக்கு ஒண்ணு வந்தாச்சாம். லேப்டாப் இங்கன யார்ட்டயும் இல்லாததுனால கேக்குத ஆளு தேடி வருவானாம்" என்றாள் சாரம்மாள்.

"சிங்கப்பூர்ல இருந்து வாரது ஒண்ணு இருக்கு. வில கம்மி. ஆனா பில் கிடையாது."

"வேண்டாம். பில்லில்லாத சாமான விக்கும்போது திருதிருன்னு முழிக்கணுமாம்."

லக்ஷ்மிநாராயணன் சிரித்தான். சாருடைய கீர்த்தி வண்ணாரப்பேட்டை வரைக்கும் போயிருந்தது போல. பிறகு மும்முரமாக இறங்கினார்கள். மெமரி பதினாறா முப்பத்திரண்டா என்றான். தமிழில் நாலு வரி தட்டுவதற்குப் பதினாறே அதிகம் என்று அவனே சொன்னான். கிருபைராஜ் முப்பத்திரண்டு என்றார். சி.டி. போடுகிற வசதி எதற்கு சார் என்றான். வேண்டும் என்றார். டெலிபோனோடு இணைக்கிற மோடம்? அதுவும் வேண்டும். கூடுதலாக ஒரு பாட்டரி வாங்கி வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் அவர் பேச்சு நிற்காது என்று சாரம்மாள் இடையில் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினார். மடியில் சூடு ஏறாமல் இருக்கச் சாய்வுப் பலகை ஒன்று கிடைக்கும் என்றான் அவன். அதுவும் வேண்டாம்.

நாலைந்து கேள்வி தாண்டிய பிறகுதான் சாரம்மாளுக்கு என்னவோ உறுத்தியது. அவருக்குத் தேவையானது எதையும் அவர் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறொருவனுக்குத் தேவையானது. சி.டி. யாருக்கு வேண்டும்? ஒரு வக்கீலுக்கு. மோடம் யாருக்கு வேண்டும்? ஒரு வியாபாரிக்கு. இன்னும் பேர் தெரியாத, முகம் தெரியாத ஒருத்தனுக்காக இந்த மனுஷன் உட்கார்ந்து லேப்டாப் வாங்கிக்கொண்டிருந்தார்.

"கடைசியா வாரண்டி சார். ஒரு வருஷம் கம்பெனியே குடுத்துரும். கொஞ்சம் கூடக் கட்டுனா மூணு வருஷம் வாங்கலாம். நம்ம ஊர்ல சர்வீஸ் கிடையாது, மெட்ராஸுக்குத்தான் அனுப்பணும். அதனால மூணு வருஷம் எடுத்துட்டா நிம்மதி" என்றான் லக்ஷ்மிநாராயணன்.

கிருபைராஜ் குழறினார். சாரம்மாளுக்கு நன்றாகவே புரிந்தது.

"மூணு வருஷமே போடச் சொல்லுதாவ" என்றாள்.

அவர் நாற்காலிக் கையை முழங்கையால் இடித்தார். மறுபடியும் குழறினார். வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டே, "மூணுதான் தம்பி. எழுதிக்கோங்க" என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை.

கிருபைராஜ் அவள் கையை விலக்கினார். வலது கையைச் சிரமப்பட்டு மடியிலிருந்து தூக்கி, லக்ஷ்மிநாராயணனுக்குத் தெரியும்படி ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினார். விரல் நடுங்கியது. ஆனால் அவன் தலையாட்டும்வரைக்கும் அவர் அதை இறக்கவில்லை.

சின்னப் பையன்தான் என்றாலும் அவனுக்கும் விளங்கிவிட்டது. காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "ஒரு வருஷம்" என்று எழுதினான்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. பில் யார் பேரில் என்று அவன் கேட்கும் முன்னே அவரே சொன்னார். சாரம்மாள் அதை எடுத்துச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறந்துபோனவன் பேரில் இருக்கிற சாமானுக்காகத் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் கேட்டு நிற்கிற பெண்களை அவர் சர்வீஸ் முழுக்கப் பார்த்தவர். ஒரு லேப்டாப்புக்கு எவனும் வாரிசுச் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அவர் புத்தி அந்த வழியில்தான் போகும்.

"என் பேர்ல பில் போடணுமாம்" என்றாள் கடைசியில்.

மாசி மாதம் லேப்டாப் வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், பெரிய வேதாகமம் அளவுக்கு இருந்தது. கிங்ஸ்லி நேரில் வந்து தமிழ் எழுத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பத்திரமாகப் பரணில் ஏற்ற வேண்டும் என்றார் கிருபைராஜ். மூடியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க விடவில்லை. உபயோகிக்காத நேரத்தில் அவள் தைத்த துணி உறையில் போட்டு பீரோவில் வைக்க வேண்டும்.

ஈஸ்டர் தாண்டியதும் அவர் பேச்சு சாரம்மாளுக்கும் புரியாமல் போயிற்று. அன்றைக்கு அவள் சமையல்கட்டில் நின்று அழுதாள். இருந்தாலும் மிஷின் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்காகத்தானே வாங்கியது.

ஆனால் அது பீரோவை விட்டு வெளியே வருவதே அபூர்வமாக இருந்தது. ஸ்கூலில் இருந்து வந்ததும் ஆசையாக எடுத்து அவர் மடியில் வைப்பாள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவாள். ரெண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது, தலைமையாசிரியை லீவு கேட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தது, வாய்க்காலில் தண்ணீர் விட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் "சரி" என்று தட்டுவார். "இன்னைக்கு எப்பிடி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று வரும். மனசுக்குள்ள என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். கிருபைராஜ் யோசித்து, "எழுத்து தேயும். உள்ள வை" என்று தட்டிவிட்டு மூடியைக் கண்ணால் காட்டினார்.

நீளமாக அவர் தட்டியதெல்லாம் ஆபீஸ் விஷயம்தான். குடும்ப பென்ஷனுக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும், வீட்டு வரி ரசீது எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கல்யாணமான நாளில் இருந்து அவளோடு சண்டை போட்டு, கிண்டலடித்து, கறியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு, மறு நிமிஷம் இழுத்து வைத்துச் சாப்பிட்ட மனுஷன் இப்போது ஒரு நோட்டீஸ் போர்டு மாதிரி ஆகிவிட்டார். சாரம்மாளுக்கு ஆற்றாமையாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அந்த விரலும் போய்விடும். அதற்குள் அவரிடமிருந்து நாலு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று தவித்தாள். என்ன வார்த்தை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆடி மாதம், சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீசில் அவரோடு வேலை பார்த்த சிவசைலம் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். கிருபைராஜின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கதையெல்லாம் பேசினார். போகும்போது கேட்டடியில் குடையை விரித்துக்கொண்டே சாரம்மாளிடம் சொன்னார்.

"டீச்சர், ஒரு நல்ல செய்தி. அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஆள் அம்புட்டுட்டு. வக்கீல் ஒருத்தர். மிஷின் புதுசு மாதிரி இருக்கு, வாரண்டி வேற இருக்குன்னு சொன்னேன். மனுஷன் பறக்காரு. அண்ணாச்சி கணக்கு எப்பவும் தப்பாது."

"என்ன கணக்கு?"

சிவசைலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல டீச்சர்... உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். போன மாசம் வந்தப்ப டைப் பண்ணிக் காட்டுனாவ. தை மாசத்துக்குள்ள டீச்சர் விக்குத மாதிரி இருக்கும், வாரண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே கைமாத்தி விட்டாத்தான் வில கிடைக்கும், நீரே முன்னால நின்னு முடிச்சுக் குடுத்துரும்னு..."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். சாரம்மாள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். தை மாதம். வருகிற தைக்குள் தான் உயிரோடு இருக்கமாட்டோம் என்று அவர் முடிவு கட்டி, அதற்கு ஒரு வக்கீலையும் பிடித்து வைத்தாயிற்று. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வந்தது கோபம். இப்படி ஒரு கோபம் அவளுக்கு ஆயுசில் வந்ததில்லை. அவளிடம் "சரி" என்றும் "ஒண்ணுமில்ல" என்றும் தட்டிய விரல், சிவசைலத்திடம் தன் சாவைப் பற்றி நாலு வரி தட்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை உறையோடு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வைத்தியலிங்கம் பாத்திரக்கடை. மகள் டார்லினுடைய கல்யாணச் சீர் பாத்திரமெல்லாம் அங்கேதான் எடுத்தது. கடை வாசலில் பேர் வெட்டுகிற மிஷினோடு ஒரு ஆள் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் குடத்தில் யாரோ ஒரு மாமனுடைய பேரை வெட்டிக்கொண்டிருந்தார். சாரம்மாள் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, மூடியின் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளை ஒரே இழுப்பில் உரித்தாள்.

"இதுல பேர் வெட்டணும்."

அவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். வைத்தியலிங்கம் அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"டீச்சரம்மா, இது கம்ப்யூட்டர்லா? குடம் கிடம்னா பழைய பாத்திரக் கடையில போட்டாலும் உருக்கிருவான். இதுல வெட்டுனா அழியாது. பின்னால குடுக்கணும்னா ஒருத்தனும் தொடமாட்டான்."

"அதுக்குத்தான் வெட்டச் சொல்லுதேன் அண்ணாச்சி."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வெட்டுகிறவரிடம் தலையசைத்தார்.

"என்ன பேரு போடணும்? யாரு குடுத்தது, யாருக்குக் குடுத்ததுன்னு ரெண்டையும் போடணுமா?" என்றார் வெட்டுகிறவர்.

"ஒரே பேருதான். சா. கிருபைராஜ், சமாதானபுரம். பெருசா வெட்டுங்க."

"தேதி?"

"தேதி வேண்டாம்" என்றாள் சாரம்மாள்.

மிஷின் முள் கறுப்பு மூடியில் இறங்கிச் சரசரவென்று ஓடியது. வெள்ளை வெள்ளையாகத் தூள் பறந்தது. பாவம் செய்கிற மாதிரியும் இருந்தது, பாவம் கழிகிற மாதிரியும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அடுத்த வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டு, அடுப்பில் உலையை வைத்தாள். பிறகு லேப்டாப்பை உறையில்லாமல் கொண்டுவந்து, பேர் அவருக்கு நேராகத் தெரியும்படி மடியில் வைத்தாள்.

கிருபைராஜ் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. எத்தனையோ நாளாக வராத சத்தம். அவள் பயந்துவிட்டாள், ஆனாலும் நகரவில்லை. மூடியைத் திறந்து, அவர் கையை எடுத்து எழுத்துகளின் மேல் வைத்தாள்.

விரல் நடுங்கி நடுங்கித் தட்டியது.

"புத்தி இருக்கா உனக்கு"

"இல்ல" என்றாள்.

"இனிமே எவன் வாங்குவான்"

"ஒருத்தனும் வாங்கமாட்டான். வக்கீல வேற கடையப் பாக்கச் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். சிவசைலம் உளறிவிட்டான் என்பது தெரிந்துவிட்டது. விரல் மறுபடி எழுத்துக்கு வந்தது.

"உனக்காகத்தான் சாரா. நான் போன பிறகு"

"போன பொறவு இத வித்துத்தான் நான் சோறு திங்கணுமா? எனக்குச் சம்பளம் வருதுங்க. உங்க பேச்சுத்தான் வரல." அவர் முன்னால் குனிந்தாள். "எப்பிடியும் போகத்தான் போறிய. அது எனக்கும் தெரியும். இருக்குத வரைக்கும் இருங்களேன். எங்கிட்ட இருங்களேன். ஏன் இப்பவே மூட்டையக் கட்டி வாசல்ல வச்சுட்டு உக்காந்திருக்கிய?"

இவ்வளவையும் அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே சாரல் விட்டு வெயில் அடித்தது. அவர் விரலைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தார். பாதி வார்த்தையிலேயே மீதியை ஊகித்துச் சொல்லிவிடுவது அவள் வழக்கம். இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை. முழுசாக முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு சாரா"

அவள் அதைப் படித்தாள். எந்தச் சாமானை வாங்கினாலும் எந்த வியாதி வந்தாலும் கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்ட மனுஷன். அவள் அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"எனக்கும்தாங்க" என்றாள்.

அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, விரலை விடுவித்துக்கொண்டு மறுபடியும் தட்டத் தொடங்கினார். உள்ளே உலை பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. சாரம்மாள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.